பாம்பன் அட்டையின் பின்பக்கம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். உங்கள் தம்பி மகன் கண்ணன், அவன் மனைவி, நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த மாயாண்டி சார், அப்புறம் நான். வேறு யாரும் இல்லை. வாசல் கதவு திறந்திருந்தது. ஆனாலும் யாரும் உள்ளே வரவில்லை, யாரும் வெளியே போகவில்லை. நாளைக்கு யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்று இதை முதலில் எழுதி வைக்கிறேன், அக்கா.

கண்ணன் உங்கள் பீரோவைத் திறந்தான். வசம்பு வாசனை குப்பென்று வந்தது. பூச்சி வராமல் இருக்க ஆல்பங்களுக்கு நடுவில் நான் துணியில் முடிந்து வைத்தது. நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது, அந்த வாசனை மட்டும் குறையவில்லை. எனக்கு அப்போது அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாயாண்டி சாருடைய பை எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன். நாற்காலிக்கு அடியில், அவருடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இருந்தது.

வீட்டை வாடகைக்கு விடப் போகிறார்கள். ரயில் பாலங்களின் படம் போட்ட உங்கள் பழைய தபால் அட்டைகளை மொத்தமாக வாங்கிக்கொள்ள சென்னையில் ஒருவர் தயாராக இருக்கிறாராம். கண்ணன் போனில் என்னிடம் சொன்னது இதுதான்: "ஆன்ட்டி, அத்தையோட அட்டைக் கணக்கு நோட்டு உங்ககிட்டத்தானே இருக்கு, எடுத்துட்டு வந்து சரி பார்த்துக் குடுத்துருங்க." அட்டைகளைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் என்று மாயாண்டி சாரையும் வரச் சொல்லியிருந்தான். நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன், சார் ஆல்பத்தைப் புரட்டினார். கோதாவரிப் பாலம், இருக்கு. சோன் ஆற்றுப் பாலம், இருக்கு. பாதி தூரம் போன பிறகு அவர் "இருக்கு" என்று சொல்வது மெதுவானது. நோட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு. ஆல்பங்களில் இருநூற்று ஒன்று. பதினொன்று இல்லை. இல்லாததில் ஒன்று பாம்பன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து வானத்தைப் பார்த்துத் தூக்கி நிற்க, நடுவில் புகைவிட்டுக்கொண்டு ஒரு கப்பல் போகுமே, அந்த அட்டை. அதன் பின்பக்கம் யாரோ ஒரு வெள்ளைக்காரி எழுதியிருந்ததை நீங்கள்தான் எனக்குப் படித்துச் சொன்னீர்கள்: "பத்திரமாக் கடந்தாச்சு, பிள்ளை தூங்கிட்டான்னு எழுதியிருக்கா." சென்னைக்காரர் கேட்பதும் அதைத்தான். அது இல்லாவிட்டால் மற்றவை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

திருநகரில் உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர்தான். ஆனாலும் நாலு வருடம் நாம் பேசிக்கொண்டதில்லை. உங்கள் வீட்டுக்குள் நீங்கள் பேசியது சௌராஷ்ட்ரம். எனக்கு ஒரு சொல்லும் புரியாததால் என்னைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழாயில் தண்ணீர் வராத ஒரு கோடையில் குடத்தோடு உங்கள் வாசலுக்கு வந்தேன். மேசை நிறைய அட்டைகள் பரப்பியிருந்தீர்கள். அத்தனையும் பாலம். "எதுக்குக்கா இம்புட்டுப் பாலம்?" என்று கேட்டேன். "ரயில்ல போறப்ப பார்க்க முடியல. அதான் உக்காந்து பார்க்கிறேன்" என்றீர்கள். வேலைக்குப் போகிறவர், நேரம் இருந்திருக்காது என்று நினைத்தேன்.

காரணம் தெரிந்தது ஸ்ரீரங்கம் போனபோதுதான். மதுரை ஸ்டேஷனை விட்டு ரயில் வைகைப் பாலத்தில் ஏறியவுடன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டீர்கள். கீழே மணலும் கோரையும்தான் இருந்தது. தண்ணியே இல்லாத ஆத்துக்கு எதுக்குப் பயம் என்று கேட்டதற்கு, கண்ணைத் திறக்காமலே, "தண்ணி இருந்தாலாவது மெத்துனு விழலாம்" என்றீர்கள். காவிரியிலும் அப்படித்தான். "போயிருச்சா?" என்று கேட்பீர்கள். நான் "போயிருச்சுக்கா" என்றதும் சட்டென்று கண்ணைத் திறந்துவிடுவீர்கள். உண்மையிலேயே பாலம் முடிந்ததா என்று சன்னலை எட்டிப் பார்க்கவே மாட்டீர்கள். அடுத்தவர் சொன்னதற்காகக் கண்ணைத் திறப்பது எனக்கு வராது. பால்காரர் ஊற்றும்போது நான் அளவைப் பார்க்கமாட்டேன், அவர் கட்டைவிரலைப் பார்ப்பேன்.

அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் அட்டைகளின் கணக்கை என்னிடம் கொடுத்தீர்கள் போல. நெசவாளர் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதியாகிவிட்டது, வீட்டில் பேனாவைத் தொட மாட்டேன் என்று ஒரு நீள நோட்டை என் மடியில் போட்டீர்கள். எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள் நான். ஆங்கில எழுத்துகளை மருந்துப் பெட்டியிலும் பஸ் போர்டிலும் பார்த்து நானாகக் கூட்டிக் கூட்டிப் பழகிக்கொண்டிருந்த காலம் அது. பாலத்தின் பெயர் என்று கட்டம் போட்டு, அட்டையின் பின்னால் பெரிதாக அச்சிட்டிருந்ததை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினேன். முதல் மூன்று பாலங்களுக்கும் ஒரே பெயர் வந்தது. போஸ்ட் கார்டு. நீங்கள் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "உலகத்துலயே நீளமான பாலம் இதுதான் பிள்ள. எல்லா ஊர்லயும் இருக்கு." அடித்துத் திருத்த விடவில்லை. அந்த மூன்று வரிகளும் இன்றுவரை அப்படியே இருக்கின்றன. அன்றிலிருந்து நான் உங்களுக்குக் கணக்குப்பிள்ளை ஆனேன்.

மாயாண்டி சார் அதற்கு அப்புறம் வந்தவர். தெப்பக்குளம் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில், எடைக்கு வந்த பெட்டி ஒன்றில் நீங்களும் அவரும் ஒரே நேரத்தில் கையை விட்டீர்களாம். பல்கலைக்கழகத்தில் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம் என்று அவரே ஒருநாள் காபி குடித்துக்கொண்டு சொன்னார். மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார். எங்கெங்கோ தேடி உங்களுக்கு அட்டை கொண்டுவருவார். பாம்பனைக் கொண்டுவந்ததும் அவர்தான், போன புரட்டாசியில். பதிலுக்கு உங்களிடமிருந்து ஒன்றும் வாங்கியதாக என் நோட்டில் இல்லை. ஒன்றும் வாங்காத மனிதர் எதற்காக இவ்வளவு தூரம் வருகிறார் என்று எனக்கு அப்போதே உறுத்தும். அவர் தெருமுனை திரும்பியதும் ஆல்பத்தை எடுத்து எண்ணிப் பார்ப்பேன். ஒருமுறை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். போலீசில் சேர்ந்திருக்க வேண்டியவள் என்று கிண்டல் செய்துவிட்டு, பிறகு தணிந்த குரலில், "சந்தேகம் வந்தா எழுதி வை. வாயால சொல்லிராத. எழுதினா அடிச்சுக்கலாம்" என்றீர்கள்.

மார்கழியில் நீங்கள் படுத்த படுக்கையாக இருந்தபோது ஒருநாள், அடுப்படியில் உங்களுக்குக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். முன்னறையில் பீரோ கதவு கிறீச்சென்றது. உங்கள் குரல் கேட்டது, என்ன சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. நான் வெளியே வந்தபோது, உங்களைப் பார்க்க வந்திருந்த சார் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் போனபின், என்ன எடுத்துப் போகிறார் என்று உங்களிடம் கேட்டேன். "எனக்கு வேண்டாததை" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அன்று நான் எண்ணியிருக்க வேண்டும். உங்களுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, எண்ணவில்லை. நோட்டில் தேதி மட்டும் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

அந்தக் கேள்விக்குறிதான் போன ஞாயிறு என் வாயைத் திறந்துவிட்டது. "சார், அந்தப் பையைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க" என்றேன். சத்தம் போடவில்லை. ஆனால் நாலு பேர் இருக்கிற அறையில் சொன்னேன்.

அவர் குனிந்து பையை எடுத்து மடியில் வைத்துத் திறந்தார். தண்ணீர் பாட்டில், கண்ணாடிக் கூடு, ஒரு டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸையும் திறந்து காட்டினார். எலுமிச்சைச் சாதம். "வேற எங்கம்மா பார்க்கணும்?" என்றார். அவரே சொன்னார்: "அந்தப் பதினொண்ணும் எங்கிட்டத்தான் இருக்கு. வீட்டுல. நாளைக்குக் கொண்டாந்து தாரேன்."

"அப்ப நீங்க எடுத்தது நெசந்தானா?" என்று கண்ணன் கேட்டான்.

"எடுக்கல தம்பி. குடுத்தாக."

அவன் மனைவி கொண்டுவந்த காபி தம்ளர் மேசையில் அப்படியே ஆறியது. நான் நினைத்தது சரியாகிவிட்டது என்று அந்த நிமிடம் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது.

கண்ணன் அன்று சாயங்காலமே ஊருக்குப் போய்விட்டான். திங்கட்கிழமை பத்து மணிக்குச் சார் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒரு பழுப்பு உறையை நீட்டினார். பதினொன்றும் இருந்தன. ஒவ்வொன்றும் கண்ணாடித்தாளில். நான் எண்ணி முடிக்கும்வரை காத்திருந்து, அந்த மார்கழி நாளில் நீங்கள் சொன்னதைச் சொன்னார். நீங்கள் சொன்னது ஒரே வரிதானாம்: "ரெண்டு இருக்கிறதை எல்லாம் நீங்க எடுத்துக்கங்க சார்."

நான் விடவில்லை. இரண்டு பிரதி இருப்பவை ஏழு. ஏழும் ஆல்பத்தில் அப்படியே இருக்கின்றன, நேற்று நீங்களே புரட்டினீர்கள், இந்தப் பதினொன்றும் ஒற்றைதானே என்று மடக்கினேன். என் நோட்டு பொய் சொல்லாது என்றும் சொன்னேன்.

சார் ஓர் அட்டையைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். "பிரதி எத்தனைன்னு எனக்குத் தெரியாதும்மா. நோட்டு உங்ககிட்ட இருக்கு. நான் பார்த்தது இதை. மூலையில ரெண்டு போட்டிருக்கு பாருங்க."

பார்த்தேன் அக்கா.

இதை நீங்கள் இருக்கும்போது உங்களிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். சரஸ்வதி பூஜைக்கு வருடா வருடம் ஓர் அட்டையை நோட்டோடு சேர்த்து என் பூஜையில் வைக்கக் கேட்பேன் அல்லவா? அந்த வருடம் வந்ததிலேயே நல்லதாகப் பார்த்துக் கொடுப்பீர்கள். சாமிக்குப் பாலம் எதுக்கு என்று சிரிப்பீர்கள், கொடுக்காமல் இருக்கமாட்டீர்கள். ஒரே நிபந்தனை. குங்குமம் கூடாது, சந்தனம் கூடாது, பேனா படவே கூடாது. கறை பட்டால் அட்டை செத்தது என்பீர்கள். நானும் வைக்கவில்லை. ஆனால் பூஜையில் அடுக்கிய ஏட்டை விஜயதசமி அன்று எடுத்தால் அதில் ஓர் எழுத்தாவது எழுத வேண்டாமா? வெறுமனே எடுத்து வைக்க என் மனசு ஒப்பவில்லை. பின்பக்கத்து மூலையில், பென்சிலால், எறும்பு அளவுக்கு ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். உ என்று. பார்க்கிறவர் கண்ணுக்கு அது இரண்டு. இத்தனை வருடத்தில் எனக்கு அது ஒருநாளும் இரண்டாகத் தெரிந்ததில்லை.

"அது ரெண்டு இல்ல சார்" என்றேன். "பிள்ளையார் சுழி. நான் போட்டது."

அவர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "அப்ப பிள்ளையாரையா தூக்கிட்டுப் போயிருக்கேன்" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. உறையை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். கணக்கு எழுதுகிறவள் நான்தானே, நானே முடிவு செய்ய வேண்டுமாம்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்கமாட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு இருந்திருப்பேன். அவர் போனபின் உங்கள் பூதக்கண்ணாடியை வைத்துப் பதினொன்றையும் பார்த்தேன். நான் பூஜையில் வைத்தது பத்து வருடம். பத்து அட்டை. போன வருடம் நவராத்திரி தொடங்கிய அன்றே மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போய்விட்டேன், நாற்பது நாள் கழித்துத்தான் வந்தேன். பாம்பன் புரட்டாசியில் வந்த அட்டை. அதை நான் பூஜையில் வைக்கவே இல்லை. அதன் மூலையிலும் இருக்கிறது.

அது என் கை இல்லை. என் சுழி வாலை நீட்டி இழுத்து நிற்கும். இது வால் குறுகி, நடுங்கி நிற்கிறது. தலைப் பக்கம் பென்சில் தேய்ந்திருக்கிறது. உள்ளே சுழித்துத் தொடங்கினதா, சும்மா வளைத்து இரண்டு போட்டதா என்று பூதக்கண்ணாடிக்கும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை கண்ணனிடம் போனில் நடந்ததை எல்லாம் சொன்னேன், இந்தப் பதினொன்றாவது சங்கதியைத் தவிர. மற்ற பத்தும் போனால் போகட்டும், அவரே வைத்துக்கொள்ளட்டும், பாம்பன் மட்டும் தனக்கு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றான்.

புதன்கிழமை பத்து அட்டைகளையும் எடுத்துக்கொண்டு நாகமலை புதுக்கோட்டைக்குப் போனேன். சார் வீட்டில் அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார், எல்லாம் மரியாதையாகத்தான். மோர்த் தம்ளரை வாங்கிக்கொண்டு கேட்டார்: "அன்னைக்கு அந்த ரூம்புல நாலு பேரு இருந்தீகளாம்ல. மூணு பேருகிட்டப் பை இருந்துச்சாம். எங்க வீட்டுக்காரர் பையைத்தான் திறக்கச் சொல்லத் தோணுச்சாக்கும்?"

அது உண்மை. கண்ணனிடம் ஒரு பெட்டி இருந்தது. அவன் மனைவி தோளில் ஒரு பை. உங்கள் வீட்டுச் சாவி மூன்று மாதமாக அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. அதை நோட்டில்கூட எழுத எனக்குக் கை வரவில்லை. "தப்புத்தாம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் தம்ளரைக் கழுவ உள்ளே போய்விட்டார்.

சாரிடம் பத்து அட்டைகளையும் கொடுத்து, கண்ணன் சம்மதித்ததையும், பாம்பன் மூலையில் இருக்கிற குறி மட்டும் என் கை இல்லை என்பதையும் சொல்லி, என் தவறுக்கு மன்னிப்பும் கேட்டேன். அதோடு எழுந்திருக்க வேண்டியவள்தான். கையில் நோட்டு இருந்தது. பத்து அட்டை பெற்றுக்கொண்டதற்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள், இன்றைய தேதியையும் போடுங்கள் என்றேன். தேதி பன்னிரண்டு. அதில் ஓர் இரண்டு வருமே என்றுதான்.

பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு எழுதிக் காட்டணுமாம்மா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி முழுக்க இரண்டு, இரண்டு, இரண்டு என்று எழுதிக்கொண்டே போனார், பள்ளிக்கூடப் பிள்ளை இம்போசிஷன் எழுதுவதுபோல. எழுதி முடித்து நோட்டை என் பக்கம் திருப்பினார். ஒன்றுகூடப் பாம்பன் மூலையில் இருப்பதுபோல இல்லை. எல்லாமே அடிக்கோடு நேரான, அச்சில் வார்த்த இரண்டு.

பஸ்ஸில் வரும்போது, தெரிந்தே எழுதிக் காட்டுகிறபோது யார் கையும் வேறு மாதிரிதான் எழுதும் என்று ஒரு நினைப்பு வந்தது. என் புத்தி இப்படி. அதை நான் இன்னும் அடக்கவில்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "பாம்பன் உங்ககிட்டயே இருக்கட்டும். அக்கா என்ன நினைச்சுச் சொன்னாகன்னு எனக்கும் தெரியல. நீங்க அவுககிட்டயே கேட்டு எழுதுங்க" என்றார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் வேறு யாரிடம் கேட்பது? இன்று வெள்ளிக்கிழமை. வண்டியூர் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கட்டிப் போட்டு அம்மனிடம் கேட்டுவிடலாம் என்று பொட்டலம்கூட மடித்துவிட்டேன். பூவில் இரண்டு பதில்தான் வரும். எனக்கு வேண்டியிருப்பது மூன்று. பிரித்துப் பூவைச் சன்னிதியில் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றையும் கேட்கிறேன். அந்தக் குறியைப் போட்டது நீங்கள்தானா? நீங்கள் போட்டது இரண்டு என்றால், என் கிறுக்கல்களை நீங்கள் முன்பே பார்த்திருக்கிறீர்கள், குறி இருக்கிறதெல்லாம் சாருக்குப் போகட்டும் என்று தெரிந்தேதான் அந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கிறீர்கள். பாம்பன் சாருடையது. கண்ணன் முகத்தைப் பார்த்து, அது உனக்கு இல்லை என்று நான் சொல்ல வேண்டும். நீங்கள் போட்டது சுழி என்றால், நான் இல்லாத விஜயதசமிக்கு, சாமிக்குப் பாலம் எதுக்கு என்று கேட்ட நீங்களே அதைப் பூஜையில் வைத்து எடுத்திருக்கிறீர்கள். அப்படியானால் அதைக் கொடுக்க உங்களுக்கு எண்ணம் இல்லை, நீங்கள் சொன்னது அந்த ஏழு இரட்டைகளை. சார் ஏமாந்து எடுத்துவிட்டார், பாம்பன் கண்ணனுக்குப் போக வேண்டியது. போட்டது நீங்களே இல்லை என்றால், அதையும் சொல்லிவிடுங்கள்.

எதைச் சொன்னாலும் நான் நம்புவேன் அக்கா. சரிபார்க்கமாட்டேன். ஊரையே சந்தேகப்படுகிற எனக்கு, ஒரு மனுஷி சொன்னால் போதும் என்று இருந்தது உங்களிடம் மட்டும்தான். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

கண்ணன் நாளை மறுநாள் பத்து மணிக்கு வருகிறான். கனவிலோ, எப்படியோ, அதற்கு முன்னால் பதில் சொல்லுங்கள்.